சத்து மாத்திரைகள்: தெரிந்து சாப்பிடுங்கள்



அண்மையில் ஒரு கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சகோதரி தயங்கித் தயங்கி வந்து, கைப்பையிலிருந்து நான்கு பாட்டில்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று கல்சியம், ஒன்று ஸிங்க் என்கிற துத்தநாகம், ஒன்று மெக்னீசியம். நான்காவதில் 'எல்லாச் சத்தும் ஒரே மாத்திரையில்' என்று போட்டிருந்தது. இவை போதாதென்று, அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை அட்டையும் ஒன்று.

"ஐயா, மக கோலாலம்பூர்ல வேலை செய்யுது. ஆசையா வாங்கிக் கொடுத்திச்சி. இதச் சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து வயிறு சரியில்லே. காலையில குமட்டுது, மூணு நாளைக்கு ஒரு தடவதான் வெளிய போகுது. நிறுத்தினா மக கோவிச்சுக்கும். என்னா செய்யிறது?"

இந்தக் கேள்வி அந்தச் சகோதரி ஒருவருடையது மட்டுமல்ல. சத்து மாத்திரை என்றாலே அது மருந்து அல்ல, சாப்பாடு மாதிரி, எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லதுதானே என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. பாசார் மாலாமில் விற்கிறார்கள், நேரடி விற்பனை என்று சொல்லி வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள், இப்போது கைத்தொலைபேசியிலும் விற்கிறார்கள். ஒரு பாட்டில் எண்பது வெள்ளி, நூறு வெள்ளி. செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதித்த காசு அது.

உடம்புக்குத் தாதுச் சத்துகள் தேவைதான். இரத்தத்துக்கு இரும்பு, எலும்புக்குக் கல்சியம், புண் ஆறத் துத்தநாகம், நரம்புக்கும் தசைக்கும் மெக்னீசியமும் பொட்டாசியமும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு உடம்புக்குள் வேலை செய்யும் சக்தி இருந்தால், தொல்லை கொடுக்கும் சக்தியும் இருக்கும். தொல்லை என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வாழ்க்கையிலேயே ஒரு கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரை

தோட்டப்புறத்தில் அதிகமாகப் புழங்குவது இதுதான். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, கீரையும் மீனும் இல்லாத அவசரச் சாப்பாடு ஆகிய எல்லாம் சேர்ந்து நம் பெண்களின் இரத்தத்தைக் குறைத்துவிடுகின்றன. ஒரு காலத்தில் வெறுங்காலோடு காட்டுக்குப் போனவர்களுக்குக் கொக்கிப்புழுவும் இருந்தது. அது குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். கர்ப்பிணிக்கு இரத்த அளவு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச் சோகை என்று கணக்கு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக இரத்தம் போனாலும் தாங்காது. அதனால்தான் கிளினிக்கில் தாதியர் அவ்வளவு வற்புறுத்தி மாத்திரை கொடுக்கிறார்கள்.

மாத்திரை அட்டையில் 200 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அவ்வளவும் இரும்பு அல்ல. அது இரும்பு உப்பின் மொத்த எடை. பெரஸ் சல்பேட், பெரஸ் பியூமரேட் ஆகிய சாதாரண 200 மில்லிகிராம் மாத்திரைகளில் உண்மையான இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

இந்த மாத்திரை சாப்பிட்டால் வரக்கூடிய தொல்லைகள் எவை? குமட்டல், மேல்வயிற்றில் எரிச்சல், வயிற்று வலி, மலச்சிக்கல், சிலருக்கு மாறாக வயிற்றுப்போக்கு, வாயில் இரும்பு வாடை. எல்லாவற்றுக்கும் மேலாக மலம் கறுப்பாகப் போகும். இது குடலில் சேராமல் மிஞ்சிய இரும்பின் நிறம். இதனால் ஒரு கெடுதலும் இல்லை. மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் பழைய நிறம் வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இரும்பு டானிக் பல்லைக் கறுப்பாக்கும். அதைக் கரண்டியில் ஊற்றிப் பல்லில் படாமல் நாக்கின் பின்பக்கமாகக் கொடுத்து, உடனே தண்ணீர் குடிக்க வைத்து, பல் துலக்கிவிட்டால் சரியாகிவிடும்.

ஆனால் ஒரு கறுப்புக்கு மட்டும் பயப்பட வேண்டும். மலம் தார் மாதிரிப் பளபளப்பாக, ஒட்டும் தன்மையோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது இரும்பின் நிறம் அல்ல. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களுக்கு இது வரும். தலைசுற்றலும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாளைக்குப் பெரட்டு முடிந்து போகலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

சாதாரணக் குமட்டலுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி உண்டு. வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் வெறும் வயிற்றில் தாங்காதவர்கள் கொஞ்சம் பசியாறிவிட்டுச் சாப்பிடலாம். சேர்மானம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, அறவே நிறுத்துவதைவிட அது மேல். சிலர் இரவு படுக்கப் போகும்போது சாப்பிட்டால் குமட்டல் தெரிவதில்லை. ஒரு கொய்யாப்பழத் துண்டோ எலுமிச்சைச் சாறோ உடன் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். தண்ணீர், கீரை, பப்பாளி ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டால் மலச்சிக்கல் குறையும். அப்படியும் முடியவில்லையானால் தாதியிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், வேறு வகை மாத்திரை கொடுப்பார்கள், தேவைப்பட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றவும் வழி இருக்கிறது.

அண்மைக்கால ஆராய்ச்சிகளில் ஒரு புது விவரம் தெரிந்திருக்கிறது. இன்று ஒரு மாத்திரை உள்ளே போனால், கல்லீரல் ஒரு சுரப்பைக் கூட்டி, மறுநாள் குடலின் கதவைச் சற்றே சாத்திவிடுகிறது. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு சேருகிறது, வயிற்றுத் தொல்லையும் சிலருக்குக் குறைகிறது. இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் தாங்களாகவே நாள்விட்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். கிளினிக்கில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

இன்னொன்று, நம் தேத்தண்ணி. பால் காட்டிலிருந்து வந்ததும் ஒரு பெரிய மங்குத் தேத்தண்ணி, அதோடு மாத்திரை என்பது பல வீடுகளில் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஊற்றும் பாலில் உள்ள கல்சியமும் அதன் பங்குக்குத் தடுக்கிறது. கோப்பியும் இதைத்தான் செய்கிறது. தொல்லையை மட்டும் அனுபவித்துக்கொண்டு பலன் இல்லாமல் போகிற வழி இது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

மைலோ டின்

இனி அந்தக் கதை.

1979-ம் ஆண்டு. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் இளம் டிரெஸர். எனக்கு மேலே ஒரு பெரிய டிரெஸர் இருந்தார். முப்பது வருஷ அனுபவம், பேச்சு மிகக் குறைவு. மாதம் ஒருமுறை டாக்டர் வருவார், மற்ற நாட்களில் நாங்கள்தான் எல்லாம். கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரைகளை எண்ணிக் காகித உறையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. சர்க்கரைப் பூச்சுப் பூசிய, பளபளக்கும் மாத்திரைகள். பார்ப்பதற்கு மிட்டாய்தான்.

பால் வெட்டும் ஒரு தங்கச்சி, இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தார். மாதம் தவறாமல் வந்து மாத்திரை வாங்கிப் போவார். "சாப்பிடுறியாம்மா?" என்றால் "சாப்பிடுறேங்கய்யா" என்பார். ஆனால் இரத்தம் ஏறவே இல்லை. எனக்கு அது புரியவில்லை. அளவைக் கூட்டி இன்னும் அதிக மாத்திரை கொடுத்தேன்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். ஆயாக் கொட்டகைக்குப் போகாமல் பாட்டியோடு வீட்டில் இருந்த அவருடைய மூத்த பையன், பதினைந்து மாதக் குழந்தை, மேசைக்கு அடியில் இருந்த மைலோ டின்னைத் திறந்துவிட்டான். உள்ளே நான் கொடுத்த மாத்திரைகள். மூன்று மாதத்து மாத்திரைகள் அப்படியே இருந்தன. முதல் வாரம் சாப்பிட்டவுடன் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்தப் பெண் பயந்துபோய் நிறுத்திவிட்டார். வேண்டாம் என்று சொன்னால் டிரெஸர் திட்டுவார் என்று வாங்கி வாங்கி டின்னில் போட்டு வைத்திருக்கிறார். கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வாந்தியில் மாத்திரைப் பூச்சும் இரத்தக் கீற்றும் இருந்தன. வயிற்றாலும் போயிற்று. எத்தனை விழுங்கினான் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்துக்கு மேல் இருக்கும் என்று டின்னைப் பார்த்துக் கணக்கிட்டோம். பெரிய டிரெஸர் உடனே மானேஜருக்கு ஆளனுப்பி வண்டி கேட்டார். வண்டி டவுனுக்குப் போயிருந்தது. காத்திருந்தோம்.

மத்தியானத்துக்குள் வாந்தி நின்றுவிட்டது. குழந்தை கண் திறந்து பார்த்தான், பாட்டி மடியில் சாய்ந்து தூங்கினான். நிறம்கூடத் தெளிந்தது. "ஐயா, பிள்ளைக்கு நல்லாயிடுச்சி. வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போறேன். எதுக்கு அவ்ளோ தூரம் பெரியாஸ்பத்திரிக்கி?" என்றார் பாட்டி. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எல்லாம் வாந்தியில் வெளியே வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நானே சொல்ல வாயெடுத்தேன். பெரிய டிரெஸர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டியிடம், "இந்தத் தூக்கத்த நம்பாதீங்கம்மா. இது விஷம் உள்ள போய்க்கிட்டு இருக்கிற நேரம்" என்றார். மூன்று மணிக்கு வண்டி வந்தது. அவரே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு மூச்சு வேகமாகி, கைகால் சில்லிட்டு, உணர்வு மங்கிவிட்டது. இரும்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சிறுநீர் செந்நிறமாகப் போயிற்று என்று பெரிய டிரெஸர் வந்து சொன்னார். ஐந்தாம் நாள்தான் பிழைப்பான் என்று டாக்டர்கள் உறுதி கூறினார்கள். பிழைத்தான். இப்போது அவனுக்கே பேரப்பிள்ளை எடுக்கும் வயது வரப்போகிறது.

அந்தத் தாய்க்குப் பிறகு பெரிய டிரெஸர் உட்காரவைத்துச் சொன்னார். மாத்திரையையும் குடித்தார், பிரசவமும் நல்லபடியாக முடிந்தது. என்னிடம் அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

குழந்தை விழுங்கிவிட்டால்

முன்னே சொன்ன 65 என்ற எண்ணை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிகிராம் இரும்பு போனாலே விஷக்குறி தோன்றலாம். கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு நான்கு மாத்திரை விழுங்கினாலே 260 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 26. பத்து மாத்திரை என்றால் 650, கிலோவுக்கு 65. அம்மாவின் ஒரே அட்டையில் இருக்கிற மாத்திரை ஒரு குழந்தையைக் கொல்லப் போதும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் பலர் இறந்தபிறகு, 1997-ம் ஆண்டு முதல் இரும்பு கலந்த மாத்திரைப் பாட்டில்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்று சட்டம் வந்தது.

முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் இரத்தம். அதன்பின் பிள்ளை தெளிந்ததுபோல் ஒரு நேரம் வரும். அது ஏமாற்றும் நேரம். அதற்குப் பிறகுதான் இரத்த ஓட்டம் தளர்வதும் கல்லீரல் கெடுவதும். ஆகவே பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, விழுங்கியது தெரிந்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வண்டி இல்லையானால் 999-க்கு அழையுங்கள். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். மாத்திரை அட்டையையோ பாட்டிலையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணினால் எத்தனை போயிற்று என்று டாக்டருக்குத் தெரியும். வாந்தியில் மாத்திரை வந்தால் அதையும் சொல்லுங்கள்.

இரும்பு எல்லாருக்கும் அல்ல

சோர்வாக இருக்கிறது என்றவுடன் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு.

முதலாவது தலசீமியா. நம் நாட்டில் எல்லா இனத்தாரிடமும் காணப்படுகிற பரம்பரைக் குறை இது. இலேசான அளவில் இருப்பவருக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் சற்றுக் குறைவாகவே காட்டும். வெளித்தோற்றத்துக்கு இரும்புக் குறைவு மாதிரியே இருக்கும், ஆனால் இரும்பு கொடுத்தாலும் ஏறாது. ஏறவில்லையே என்று வருஷக்கணக்கில் சாப்பிட்டால் தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரும். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் கடுமையான தலசீமியா நோயாளிக்கோ, ஏற்றும் இரத்தத்தின் மூலமே இரும்பு குவிந்து, இருதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கிறது. அந்தக் குழந்தைக்கு ஏற்றினார்களே, இரும்பை வெளியேற்றும் மருந்து, அதே மருந்துதான் இவர்களுக்கும் பயன்படுகிறது. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் 'இரத்தம் ஊற' என்று எந்த மாத்திரையையும் டானிக்கையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஒரு சிறு இரத்தப் பரிசோதனையில் இரும்புக் குறைவா தலசீமியாவா என்று பிரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரத்தம் குறைந்தால், அது எங்கே போகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். மூலமோ, வயிற்றுப் புண்ணோ, குடலில் கட்டியோ இருக்கலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டு இரத்தம் சற்று ஏறிவிட்டால் உள்ளே இருக்கிற நோய் மறைந்து வளரும். ஐம்பது வயது தண்டல் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்றால் அவருக்கு வேண்டியது பரிசோதனை, பாட்டில் அல்ல.

மற்றவை

கல்சியம் மாத்திரை வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் கொடுக்கும். ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டால் முழுதும் சேராது. வெயிலில் நாள் முழுக்க வியர்வை சிந்தி, தண்ணீர் சரியாகக் குடிக்காதவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏற்கனவே உண்டு. அதன்மேல் கல்சிய மாத்திரையும் அளவுக்கு மேல் போனால் அந்த வாய்ப்பு கூடும். நெத்திலிக் கருவாட்டிலும் பாலிலும் கீரையிலும் கிடைக்கிற கல்சியத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை. முன்பு ஒருமுறை கல் வந்தவர்கள் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்கவேண்டும். கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் கல்சியம் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

துத்தநாகம் 2020-ல் கோவிட் வந்தபோது பிரபலமானது. அப்போது வாங்கிய பழக்கத்தை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்தான் மேல் எல்லை. அதைத் தாண்டி மாதக்கணக்கில் சாப்பிட்டால், உடம்பில் செம்புச் சத்து சேராமல் போய், இரத்தம் குறையும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இரத்தம் குறைகிறதே என்று இரும்பு சாப்பிட்டால் பலனிருக்காது, குற்றவாளி துத்தநாகம் அல்லவா. சிறு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கில் 10 முதல் 14 நாட்கள் மட்டும் கிளினிக்கில் கொடுக்கிற துத்தநாகம் வேறு, அது உயிர் காக்கும் மருந்து. அதை நிறுத்தவேண்டாம்.

மெக்னீசியத்தைக் கெண்டைக்கால் பிடிப்புக்காக வாங்குகிறார்கள். வயிறு இளகிப் போவது அதன் முதல் தொல்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது வெளியேறாமல் தங்கி, உடம்பு தளர்ந்து, இருதயத் துடிப்பும் குறைந்துவிடலாம். பிடிப்புக்கு அது பெரிதாக உதவுகிறது என்பதற்கும் ஆதாரம் குறைவு. செலினியம் கூடினால் முடி கொட்டும், நகம் உடையும். கடற்பாசி மாத்திரைகளில் உள்ள அயோடின் அளவு கூடினால் கழுத்துச் சுரப்பியின் வேலை தாறுமாறாகும்.

பொட்டாசியத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். இரத்தக் கொதிப்புக்குக் கிளினிக்கில் கொடுக்கும் பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்ற மாத்திரைகளும், நீர் போவதற்கான ஸ்பைரோனோலாக்டோனும் உடம்பில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் தன்மையுள்ளவை. அவற்றோடு பொட்டாசிய மாத்திரையும் சேர்ந்தால் இருதயத் துடிப்பு தடுமாறித் திடீரென்று நின்றுவிடக்கூடும். 'உப்புக்குப் பதில் உப்பு' என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம்தான். கொதிப்புக்கு நல்லது என்று பிள்ளைகள் அன்போடு வாங்கிவந்தால், முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். சிறுநீரக நோயாளிகள் இளநீரையும் கணக்குப் பார்த்துத்தான் குடிக்கவேண்டும்.

மருந்தோடு மோதல்

எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்து கொடுப்பார்கள். வாய்க்காலிலும் சேற்றிலும் வேலை செய்கிற நம்மவர்களுக்கு அந்தக் காய்ச்சல் புதிதல்ல. இரும்பு, கல்சியம், மெக்னீசியம், துத்தநாகம் ஆகிய நான்கும் அந்த மருந்தை வயிற்றிலேயே பிடித்து நிறுத்திவிடும். காய்ச்சல் குணமாகாமல் ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். சிப்ரோபிளாக்சசின் என்ற கிருமி மருந்துக்கும் இதே கதைதான். அந்த மருந்து சாப்பிடும் சில நாட்களுக்குச் சத்து மாத்திரைகளை நிறுத்தி வைக்கலாமா, அல்லது எத்தனை மணி நேரம் தள்ளிச் சாப்பிடுவது என்று மருந்து கொடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இரும்பு அல்லது கல்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடவேண்டும்.

மேசையில் நான்கு பாட்டில் வைத்த சகோதரிக்கு வருவோம். பாட்டில்களைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருந்ததை இருவரும் சேர்ந்து படித்துக் கூட்டிப் பார்த்தோம். 'எல்லாச் சத்தும்' மாத்திரையில் துத்தநாகம் இருந்தது, தனிப் பாட்டிலிலும் இருந்தது, இரண்டும் சேர்ந்து எல்லையைத் தாண்டியது. இரும்பும் இரண்டு இடத்தில். காலையில் எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளித் தேத்தண்ணியோடு விழுங்கியிருக்கிறார், அதுவும் பசியாறாமல். குமட்டாமல் என்ன செய்யும்? கிளினிக் மாத்திரையை மட்டும் இரவில் தண்ணீரோடு சாப்பிடும்படியும், மற்ற நான்கையும் எடுத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்குப் போகும்படியும் சொன்னேன். மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டார். "அடுத்த தடவ வரும்போது ஈரலும் கொய்யாப்பழமும் வாங்கிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றேன். சிரித்தார்.

பாட்டில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 1985 முதல் நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்யும் முறை நடப்பில் உள்ளது. பதிவான பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும், மினுமினுக்கும் பாதுகாப்பு முத்திரையும் ஒட்டியிருக்கும். அது இல்லாத பொருளைத் தொடாதீர்கள். சத்து மாத்திரை என்றும் மூட்டுவலிக்கு மூலிகை என்றும் சொல்லி விற்ற பதிவில்லாப் பொருள்களில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

வீட்டில் சாப்பிடாமல் சேர்ந்துபோன மாத்திரைகள் இருந்தால், குப்பையிலோ கழிவறையிலோ போட வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரி, கிளினிக் மருந்தகங்களில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், குமட்டியது, கறுப்பாகப் போயிற்று, பயந்துவிட்டேன் என்று. திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம். தொடர்ந்து சாப்பிடுகிற மாத்திரைகளைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். மிட்டாய் என்று சொல்லிப் பிள்ளைக்கு எந்த மாத்திரையையும் ஊட்டாதீர்கள். பிஸ்கட் டின், மைலோ டின் எதிலும் போட்டு வைக்காதீர்கள்.